பாம்ப்பி நகரத்துக் குளியலறை

இத்தாலி நாட்டுப் பாம்ப்பி நகரிலே, கிரேக்க நாடகாசிரியர் மெனாந்தரின் உருவம் சுவரில் தீட்டப்பெற்ற செல்வர் மாளிகை ஒன்று உண்டு. அதன் வெந்நீர்க் குளியலறைத் தரையிலே, சிறு கற்களைப் பதித்துக் கடல்வாழ் உயிர்களையும் நீந்துவோரையும் அமைத்திருக்கின்றனர். உரோமர் இத்தகைய அறைகளின் தரையைக் குட்டைச் செங்கல் தூண்கள்மீது எழுப்பி, அடியில் உலையின் அனற்காற்றைச் செலுத்துவர். வெறுங்கால் பொறுக்குமா? மரக்காலணி அணிந்தே நுழைவர்!

கி.பி. 62இல் நிலநடுக்கம் நகரைக் குலைத்தது. செப்பனிடும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இம்மாளிகைக் குளியற்பகுதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோதே, 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, ஊரையே சாம்பல் மூடிற்று.

1930இல் அகழ்ந்தவர்கள், குளியற்பகுதிக்குக் கீழேயிருந்த நிலவறையில் ஒரு மரப்பெட்டியைக் கண்டனர். உள்ளே 118 வெள்ளிப் பொருள்கள், துணி சுற்றியபடியே! கொத்தர் வேலை முடியட்டும், பிறகு எடுத்துக்கொள்வோம் என்று வீட்டார் வைத்தனர் போலும்.