பாதியாகிப் போன ஒரு கணக்கு

மலர்க் குழு நண்பர்கள் "உன் வேலையைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான்காம் செமஸ்டர் ப்ராபபிலிட்டி பேப்பரில் அரியர் வைத்தவன் நான். இன்று அதே ப்ராபபிலிட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது! எலெக்ட்ரானிக்ஸ் முடித்து, சில வருடம் சாஃப்ட்வேரில் ஓட்டி, பிறகு புள்ளியியல் படித்து, இப்போது எச்.ஐ.வி. ஆராய்ச்சி ஒன்றில் பயோஸ்டாடிஸ்டிஷியனாக இருக்கிறேன். ஹாஸ்டல் நண்பர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'புள்ளிராஜா'. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டையே கேள்வி கேட்ட அந்த எய்ட்ஸ் விளம்பரத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

என் கதையைவிட நான் போடும் கணக்கின் கதை சுவாரஸ்யமானது. அது நம் ஊரில்தான் தொடங்கியது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த சாம்பிள் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஆறு சாம்பிள்கள் பாசிட்டிவ். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரைக்கான வேலை அது என்பதை நம் இறுதியாண்டு மாணவர்கள் கவனிக்கவும். ப்ராஜெக்டைக் கடையில் வாங்குகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாகவே கவனிக்கவும்.

ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். அடுத்த கேள்வி, நாடு முழுவதும் எத்தனை பேர்? நூறு கோடிப் பேருக்கும் ஊசி போட முடியுமா? அதனால் 1998 முதல் ஆண்டுதோறும், தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிகளிடம் வேறு பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தில், பெயரை நீக்கிவிட்டு எச்.ஐ.வி. பார்த்தார்கள். ஒரு மையத்துக்கு 400 சாம்பிள். பால்வினை நோய் சிகிச்சைக்கு வருகிறவர்களிடமும் இப்படியே, அங்கே 250. அந்தச் சதவீதங்களை வைத்து நாட்டுக்கே கணக்குப் போட்டார்கள். 2005-ஆம் ஆண்டுக்கு வந்த விடை 52 லட்சம். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 57 லட்சம் என்றது. தென் ஆப்பிரிக்காவையும் தாண்டி உலகிலேயே முதலிடம்!

இங்கேதான் எங்கள் தொழிலின் சிக்கல். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஊரின் சாம்பிள் அல்ல. 2006-ல் வெளியான குண்டூர் மாவட்ட ஆய்வு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தது. அரசு முறையில் போட்ட கணக்கு, வீட்டுக் கணக்கைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. காரணம் ரொம்ப சாதாரணமானது. பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு ஏழைகள்தான் அதிகம் வருவார்கள். தனியார் நர்சிங் ஹோம்காரர்கள், எச்.ஐ.வி. என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, அங்கேதான் அனுப்பிவைப்பார்கள். யாரும் பொய் எழுதவில்லை. நின்று எண்ணிய வாசல் அப்படி.

அதே சமயம் 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 15 முதல் 49 வயதுக்காரர்களில் 0.28 சதவீதம் என்று வந்தது. 2007 ஜூலையில் திருத்திய எண்ணிக்கை வெளியானது: சுமார் 25 லட்சம். ஒரே நாளில் பாதிக்குப் பாதி! பாதிப் பேர் குணமானார்களா என்று கேட்டவர்கள் உண்டு. நிதிக்காக ஊதிப் பெருக்கிய எண் என்று திட்டியவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது பேச்சில் உடன்பாடு இல்லை. கையில் இருந்த தரவு அதுதான். நல்ல தரவு வந்ததும் உலகத்தின் முன்னால் நின்று திருத்தினார்கள். பழைய வருடங்களுக்கும் புது முறையிலேயே திரும்பக் கணக்குப் போட்டார்கள். இல்லாவிட்டால் நோய் திடீரென்று குறைந்ததாக ஒரு பொய் கிராஃப் வந்திருக்கும்.

இவ்வளவு வியாக்கியானம் சொல்கிற நான் அதே குழியில் விழுந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்து ஆரம்பித்து இரண்டு வருடத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். பாதியில் வராமல் நின்றவர்களின் வரிசைகளை 'தரவு இல்லை' என்று நீக்கிவிட்டுக் கணக்கிட்டேன். பிரமாதமான விடை. கிராஃபைப் பார்த்த மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "வராதவங்க எங்கப்பா போனாங்க?" களப் பணியாளர்கள் விலாசம் தேடிப் போனார்கள். சிலர் ஊர் மாறியிருந்தார்கள், சிலர் வேறு மையத்தில் மருந்து வாங்கினார்கள். பல வீடுகளில் மாலை போட்ட படம்தான் இருந்தது. குண்டூரில் வந்தவர்களால் கணக்கு ஏறியது. என்னிடம் வராதவர்களால் சாவு குறைந்தது! அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் டெலீட் செய்த வரிசை ஒவ்வொன்றும் ஒரு ஆள்.

2023-ஆம் ஆண்டின் மதிப்பீடும் சுமார் 25 லட்சம்தான். 2007-ல் சொன்ன அதே எண் என்று நினைத்துவிட வேண்டாம். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில மையங்களில் தொடங்கிய இலவச ஏ.ஆர்.டி. மருந்து நாடெங்கும் பரவியது. புதிதாகத் தொற்றுகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். தொற்று உள்ளவர்கள் பல்லாண்டு வாழ்கிறார்கள், பேரன் பேத்தி எடுக்கிறார்கள். அதனால்தான் எண் இறங்கவில்லை.

இப்போது என் கம்ப்யூட்டரில் 'வரவில்லை' என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் முதலில் திறப்பது அதைத்தான். போன வாரம் அதிலிருந்த ஒருவர் கிடைத்துவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே மாத்திரை வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறாராம்.