பந்தய மோட்டார் சைக்கிள்களில் சட்டகமும் டயரும்

1950ஆம் ஆண்டின் 500 சிசி உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரில் இத்தாலியரான உம்பர்ட்டோ மசெட்டி 28 புள்ளிகள் பெற்றுப் பட்டம் வென்றார். இங்கிலாந்தின் ஜெஃப் டியூக் பெற்றவை 27. டியூக் வென்ற பந்தயங்கள் மூன்று. மசெட்டி வென்றவை இரண்டே. ஒரு புள்ளியில் பட்டம் கைநழுவியதற்கு டியூக்கின் திறமைக் குறைவோ அவருடைய நார்ட்டன் வண்டியின் என்ஜினோ காரணம் அன்று. டயர் தாங்கவில்லை. அந்த ஆண்டு நார்ட்டனுக்குக் கிடைத்த புதிய சட்டகம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதும் டயர் தாங்காமல் போனதற்கு ஒரு காரணம்.

பந்தய வண்டி என்றதும் நாம் என்ஜினின் குதிரைத்திறனையே கேட்கிறோம். ஆனால் வளைவில் வண்டி ஓட்டுபவரின் சொல் கேட்குமா கேட்காதா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு: சேஸிஸ் என்று பட்டறைகளில் வழங்கும் சட்டகமும், டயரும்.

சட்டகம் செய்யும் வேலை

சட்டகம் என்பது என்ஜினைத் தாங்கும் கூடு மட்டுமன்று. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தளத்தில் நிற்குமாறு பிடித்துவைப்பது அதன் முதல் வேலை. வளைவில் சாயும்போது சட்டகம் முறுக்கிக்கொண்டால் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் வேறு பக்கமும் பார்க்கும். வண்டி பாம்புபோல நெளியும்.

இரண்டாவது, அளவுகள். முன்ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இரு சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், எடை எந்த உயரத்தில் அமர்கிறது என்பவை எல்லாம் இதில் அடங்கும். கைப்பிடி திரும்பும் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையைத் தொடும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். அலுவலக நாற்காலியின் சிறுசக்கரம் இழுக்கும் திசையில் தானே திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான் இங்கும். டிரெயில் கூடினால் வண்டி நேராக ஓடும், ஆனால் வளைக்கக் கடினம். குறைந்தால் எளிதில் வளையும், வேகத்தில் தலையாட்டும்.

இத்தனை ஏற்பாடும் கடைசியில் தரையைத் தொடுவது ஏறத்தாழ உள்ளங்கை அகலமுள்ள இரண்டு ரப்பர்த் திட்டுகளின் வழியாகத்தான்.

இறகு மெத்தை

1940களில் நார்ட்டன் பந்தய வண்டிகளின் சட்டகத்துக்குத் 'தோட்டக் கதவு' என்று கேலிப்பெயர் இருந்தது. பின்சக்கரம் இரு பக்கமும் செங்குத்தான சுருள்வில்களில் சிறிதளவே ஏறி இறங்கும். கரடுமுரடான பாதைகளில் சட்டகம் உடைவதும் உண்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த ரெக்ஸ் மக்கேண்ட்லெஸ் இதற்கு ஒரு தீர்வு கண்டார். அவர் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர்; பட்டறையில் கற்றவர். சகோதரர் குரோமியுடன் சேர்ந்து உலகப்போர்க் காலத்திலிருந்தே வண்டிகளை வெட்டி ஒட்டிச் சோதித்து வந்தார்.

அவருடைய சட்டகம் பார்வைக்கு எளிது. கைப்பிடித் தலையிலிருந்து கிளம்பும் இரண்டு நீண்ட எஃகுக் குழாய்கள் பெட்ரோல் டேங்கின் அடியில் பின்னோக்கிச் சென்று, கியர் பெட்டிக்குப் பின்னால் இறங்கி, என்ஜினுக்குக் கீழே முன்னோக்கி வந்து, மேலேறித் தலைப்பகுதியிலேயே சேரும். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழு வளையம். சேரும் இடத்தில் குழாய்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பதால் தலைப்பகுதி எளிதில் முறுக்காது. நான்கு தீக்குச்சிகளால் செய்த சதுரம் கைபட்டால் சாயும், மூன்றால் செய்த முக்கோணம் சாயாது என்று வகுப்பில் செய்துகாட்டுவது வழக்கம். அதே பாடம்தான் இது. பின்சக்கரத்தை ஒரு ஸ்விங்ஆர்ம் தாங்கியது. இன்று நம் தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் அதே அமைப்பு. சட்டகங்களைப் பர்மிங்காம் நகரின் ரெனால்ட்ஸ் நிறுவனம் செய்துகொடுத்தது.

ஓட்டிப்பார்த்த ஹரால்ட் டேனியல், இறகு மெத்தையில் உட்கார்ந்ததுபோல இருக்கிறது என்றாராம். ஃபெதர்பெட் என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

1950 ஜூனில் நடந்த ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் சீனியர் பிரிவிலும் ஜூனியர் பிரிவிலும் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கே கிடைத்தன. சீனியர் பிரிவில் டியூக் மணிக்கு 92 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் வென்றார். நார்ட்டன் என்ஜினில் ஒரே ஒரு சிலிண்டர். எதிரில் வந்த இத்தாலியின் கிலேரா வண்டியிலோ நான்கு. நேர்ப்பாதையில் கிலேரா பறக்கும். வளைவில் நார்ட்டன் பிடித்துவிடும்.

வளைவில் அதிக வேகம் என்றால் டயரின் மீது பக்கவாட்டு விசை அதிகம், வெப்பமும் அதிகம். அன்றைய டயர் பழைய சட்டகங்கள் தந்த சுமையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஜூலையில் அடுத்தடுத்து நடந்த பெல்ஜியம், நெதர்லாந்து பந்தயங்கள் இரண்டிலும் டியூக்கின் டயரின் மேல்தோல் உரிந்துபோனது. அந்த இரண்டையும் கிலேராவில் வந்த மசெட்டி வென்றார். அவருடைய இரண்டு வெற்றிகளும் இவையே. உயிருடன் தப்பியதே பெரிது என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டு டியூக் 350, 500 இரண்டு பட்டங்களையும் எடுத்துக்கொண்டார். 1953இல் அவர் கிலேராவுக்கே மாறியபோது, அவருடைய ஆலோசனைப்படி அந்த வண்டியின் சட்டகமும் நார்ட்டன் பாணிக்கு நெருங்கி வந்தது. அதன்பின் மூன்று பட்டங்கள் தொடர்ந்தன.

இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராயல் என்ஃபீல்டு 2013இல் வெளியிட்ட கான்டினென்டல் ஜிடி வண்டியின் இரட்டைக் குழாய்ச் சட்டகத்தை இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் வடிவமைத்தது; 2015இல் அந்த நிறுவனத்தையே ராயல் என்ஃபீல்டு வாங்கிவிட்டது. ஃபெதர்பெட்டின் சாயலை அந்த வண்டியில் பலரும் கண்டனர்.

என்ஜின் முந்திய காலம்

1960களின் நடுவில் டன்லப் முக்கோணக் குறுக்குவெட்டு கொண்ட பந்தய டயரைக் கொண்டுவந்தது. சாய்ந்த நிலையில் தரையைத் தொடும் பரப்பு இதில் கூடுதல். 1970களில் ஜப்பானிய இரட்டை வீச்சு என்ஜின்கள் திடீரென்று பெருந்திறன் தரத் தொடங்கின. சட்டகமும் டயரும் ஒருசேரப் பின்தங்கின. 1975இல் அமெரிக்காவின் டேட்டோனா ஓடுபாதையில் பாரி ஷீன் மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பின் டயர் சிதைந்து விழுந்தார். தொடை எலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. அவர் சில வாரங்களிலேயே மீண்டும் பந்தயத்துக்கு வந்தார் என்பது வேறு கதை. அதே பத்தாண்டில் பள்ளங்கள் இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயர்கள் பரவின. தரையைத் தொடும் ரப்பர் கூடியது, பிடிப்பும் கூடியது. அந்தப் பிடிப்பைத் தாங்காமல் குழாய்ச் சட்டகங்கள் முறுக்கின.

விடை ஸ்பெயினிலிருந்து வந்தது. பார்சலோனாவின் பொறியாளர் அன்டோனியோ கோபாஸ், குழாய்களை விட்டுவிட்டு, கைப்பிடித் தலையிலிருந்து ஸ்விங்ஆர்ம் அச்சுவரை நேராகச் செல்லும் இரண்டு தடித்த அலுமினிய விட்டங்களை அமைத்தார். கூடுமானவரை நேர்க்கோட்டில் விசையைக் கடத்துவதே அவர் எண்ணம். 1983இல் யமஹாவின் 500 சிசி வண்டியில் டெல்டாபாக்ஸ் என்ற பெயரில் அதே வழியிலான சட்டகம் வந்தது. 1980களின் நடுவில் ரேடியல் டயர்களும் சேர்ந்துகொண்டன.

விறைப்பு அதிகமானால்

அதுவரை எல்லோரும் நம்பியது ஒன்றே: சட்டகம் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது. இந்த நம்பிக்கை உடைந்ததுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நிமிர்ந்து செல்லும் வண்டியில் தரையின் மேடுபள்ளம் ஃபோர்க்கை நேராக மேலே தள்ளும். சுருள்வில் அதை வாங்கிக்கொள்ளும். வண்டி 50 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும்போது அதே மேடு சக்கரத்தைப் பெருமளவு பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் திசையில் சுருள்வில் இல்லை. அப்போது வளைந்துகொடுக்கவேண்டியவை டயரின் பக்கச்சுவரும் சட்டகமும்தான். இரண்டும் கல்லாக இருந்தால் சக்கரம் துள்ளும், பிடிப்பு விடும். ஆகவே சட்டகம் பிரேக் பிடிக்கும் திசையில் விறைப்பாகவும், பக்கவாட்டில் ஓரளவு இளக்கமாகவும் இருக்கவேண்டும். டயர் மாறினால் அந்த 'ஓரளவு' என்பதும் மாறிவிடும்.

1993இல் மூன்று முறை உலகப் பட்டம் பெற்ற வெய்ன் ரெய்னிக்கு யமஹா கொடுத்த புதிய தொழிற்சாலைச் சட்டகம் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தது. பாதித் தொடரில் அவர் அதைக் கழற்றிவிட்டு, தனியார் அணிகளுக்கு விற்கப்பட்ட பிரான்ஸ் நாட்டு ஆர்ஓசி சட்டகத்தைப் பொருத்திக்கொண்டார், பார்சலோனாவில் வென்றார். பெரிய தொழிற்சாலையின் முதன்மை ஓட்டுநர் கடைச்சரக்கை விரும்பிக் கேட்டது அப்போது வியப்பாகவே பார்க்கப்பட்டது.

டுகாட்டி கற்ற பாடம் இன்னும் கசப்பானது. 2007இல் கேசி ஸ்டோனர் எஃகுக் குழாய்ச் சட்டகமும் பிரிட்ஜ்ஸ்டோன் டயரும் கொண்ட டுகாட்டியில் உலகப் பட்டம் வென்றார். அப்போது டயர் நிறுவனங்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்ப டயர் செய்து தரும். 2009இல் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே வந்தன. எல்லா அணிகளுக்கும் பிரிட்ஜ்ஸ்டோனின் ஒரே வகை டயர் என்று விதி வந்தது; டுகாட்டி கார்பன் இழைச் சட்டகத்துக்கு மாறியது. வண்டிக்குப் பொருந்தும் டயர் என்ற நிலை போய், டயருக்குப் பொருந்தும் வண்டி என்றாயிற்று. அந்த முன் டயர் நன்றாக அழுத்தப்பட்டால்தான் சூடேறிப் பிடிக்கும். ஸ்டோனர் தம் துணிச்சலால் அதன் பிறகும் ஏழு பந்தயங்களை வென்றார். முன்சக்கரம் தரையில் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியவில்லை என்பதே ஓட்டியவர்களின் புகார். 2011இல் வந்த வாலண்டினோ ரோஸி, ஒன்பது பட்டங்கள் பெற்றவர், இரண்டு ஆண்டுகளில் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. கார்பனைக் கைவிட்டு 2012இல் முழு அலுமினிய இரட்டை விட்டச் சட்டகம் வந்தும் பயன் உடனே கிட்டவில்லை. எடை அமரும் இடம், என்ஜினின் அமைப்பு என எல்லாவற்றையும் மாற்றவேண்டியிருந்தது.

2016இல் பிரிட்ஜ்ஸ்டோன் விலகி மிஷலின் ஒரே டயர் நிறுவனமாக வந்தது. இப்போது பிடிப்பு பின் டயரில் மிகுதி, முன் டயரில் குறைவு. பழைய பழக்கத்தில் பிரேக் பிடித்தவர்களில் பலர் சோதனை ஓட்டங்களிலேயே முன்சக்கரம் வழுக்கி விழுந்தனர். எல்லா அணிகளும் எடையை இடம் மாற்றத் தொடங்கின. அந்த ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் ஆந்திரேயா இயன்னோனே வென்றார். 2010 அக்டோபருக்குப் பிறகு டுகாட்டிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.