முன்னிற்கும் பூச்சியம்

2021 சனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசிக்கு அழைப்போர் பத்து இலக்க எண்ணுக்கு முன் ஒரு பூச்சியத்தையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என்னும் நடைமுறை இந்தியா முழுவதும் நடப்புக்கு வந்தது. இதனால் ஏறத்தாழ 254 கோடி கூடுதல் எண்களுக்கு இடம் கிடைக்கும் என்று தொலைத்தொடர்புத் துறை கணக்கிட்டிருந்தது. பொதுமக்களுக்கு இது விரலுக்கு ஒரு கூடுதல் வேலை, அவ்வளவே. அலுவலகம், மருத்துவமனை, விடுதி, அழைப்பு மையம் போன்ற இடங்களில் தொலைபேசிகளை இயக்கும் நிரல்களுக்கோ அது அவ்வளவு எளியதாக இல்லை. அந்நிரல்களில் 'முதல் இலக்கத்தை நீக்கு', 'நீளத்தைப் பார்', 'முன்னொட்டைச் சேர்' என்பன போன்ற சிறுசிறு வரிகள் உண்டு. நாட்டின் எண் கொள்கை நடைமுறையாவது அந்த வரிகளில்தான். அவற்றின் வரலாறு இந்தியத் தொலைபேசி வரலாற்றின் எழுதப்படாத ஓர் அத்தியாயம்.

தொலைபேசி எண் கணக்கின் பொருளில் எண் அன்று. இரண்டு தொலைபேசி எண்களைக் கூட்டுவார் இல்லை. பெரிது எது, சிறிது எது என்று ஒப்பிடுவாரும் இல்லை. அது இலக்கங்களால் ஆன சரம். 044 என்பதைக் கணினியில் எண்ணாகச் சேமித்தால் அது 44 ஆகிவிடும். கணக்கில் இழப்பு ஏதும் இல்லை, ஆனால் சென்னைக்குப் போக வேண்டிய வெளியூர் அழைப்பு போகாது. தொடக்ககால இயந்திரங்கள் இந்த உண்மையைத் தம் உடலிலேயே கொண்டிருந்தன. சுழல்முகப்புத் தொலைபேசியில் 1 என்பது ஒரு துடிப்பு, 9 என்பது ஒன்பது துடிப்பு, பூச்சியமோ பத்துத் துடிப்பு. 'ஒன்றுமில்லை' என்ற பொருள் அதற்கு அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

1882 சனவரி 28 அன்று கல்கத்தாவில் முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டபோது அதன் சந்தாதாரர்கள் 93 பேர். இன்னாரோடு பேச வேண்டும் என்று சொன்னால் போதும். எஞ்சியதை இணைப்பகத்தில் அமர்ந்திருந்த மனிதர் பார்த்துக்கொண்டார். 1913-14இல் சிம்லாவில் நிறுவப்பட்ட முதல் தானியங்கி இணைப்பகம் அந்த மனிதரின் இடத்தை எடுத்துக்கொண்டது. அக்கால ஸ்ட்ரோஜர் வகை இயந்திரத்தில் ஒவ்வோர் இலக்கமும் ஒரு தெரிவியை நகர்த்திவிட்டு அங்கேயே தீர்ந்துபோகும். வந்த இலக்கத்தை எங்கும் எழுதி வைப்பதில்லை. ஆகவே திரும்பிப் பார்ப்பதற்கும் வழியில்லை. இலக்கங்களை முதலில் வாங்கிப் பதிந்துகொண்டு, முழுவதையும் பார்த்தபின் வழியை முடிவு செய்யும் பதிவேட்டு அமைப்பு, 1960களில் பெங்களூர் ஐடிஐ ஆலை தயாரிக்கத் தொடங்கிய கிராஸ்பார் இணைப்பகங்களின் வழியே பரவியது. வெட்டவும் ஒட்டவும் இயலும் பொருளாகத் தொலைபேசி எண் மாறத் தொடங்கியது அப்போதுதான்.

1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்டிடி வந்தது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு முன்னிற்கும் பூச்சியமே ஆபரேட்டர் ஆயிற்று. 'இந்த அழைப்பு ஊருக்கு வெளியே போகிறது' என்று இணைப்பகத்துக்கு அது சொன்னது. அதனாலேயே அது பூட்டப்படும் இலக்கமும் ஆயிற்று. செலவுக்கு அஞ்சிய அலுவலகங்களும் வீடுகளும் எஸ்டிடி பூட்டுப் போட்டன. பூட்டு என்பதன் பொருள் இவ்வளவுதான்: முதல் இலக்கம் பூச்சியமாக இருந்தால் அழைப்பைத் துண்டி. நாட்டில் மிகப் பரவலாகப் பயன்பட்ட சரச் சோதனை இதுவாகவே இருக்கக்கூடும்.

1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட சிற்றூர் மின்னணு இணைப்பகத்தை வடிவமைத்தது; 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது நிறுவப்பட்டது. இணைப்பகம் கணினியாகிவிட்டது. எனினும் அதன் நிரல் துறைக்குள்ளேயே இருந்தது. சந்தாதாரர் தொடக்கூடியதாக இல்லை. அந்த வேலி உடைந்தது வேறோர் இடத்தில். 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தம் சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் பணம் போதாமல், தாமே ஒன்றை எழுதி, மூல நிரலையும் வெளியிட்டார். அதுவே ஆஸ்டரிஸ்க். சாதாரணக் கணினி ஒன்றில் அதை நிறுவி, யாரும் தம் அலுவலகத்துக்கான அழைப்பு விதிகளைத் தாமே எழுதலாம் என்ற நிலை வந்தது.

ஆஸ்டரிஸ்கின் விதிமொழியில் சரங்களைக் கையாளும் கருவிகள் கையடக்கமானவை. அழைக்கப்பட்ட எண் 'எக்ஸ்டன்' என்ற மாறியில் இருக்கும். அதன் பின் முக்காற்புள்ளி இட்டு 1 என்று எழுதினால் முதல் இலக்கம் நீங்கும். கழித்தல் குறியோடு 10 என்று எழுதினால் கடைசிப் பத்து இலக்கங்கள் மட்டும் நிற்கும். 'லென்' நீளத்தைச் சொல்லும். 'கட்' ஒரு குறியை எல்லையாகக் கொண்டு துண்டாக்கும். 'ஃபில்டர்' அனுமதிக்கப்பட்ட எழுத்துகளைத் தவிர மற்றவற்றை நீக்கும். பள்ளி மாணவர் ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். கடினம் கருவியில் இல்லை, எண்களின் உலகில் இருக்கிறது.

இந்தியாவில் ஒரே கைப்பேசி எண் நான்கு உடைகளில் வந்து நிற்கும்: வெறும் பத்து இலக்கமாக, பூச்சியத்தோடு, 91உடன், கூட்டல் குறியும் 91உம் சேர்ந்து. நான்கும் ஒருவரே என்று மனிதருக்குத் தெரியும். சரங்களை ஒப்பிடும் நிரலுக்கு அவர்கள் நால்வர். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்தவர்களின் பட்டியல் இந்தியாவில் 2007இல் தொடங்கியது. அழைக்கும் நிறுவனத்தின் கோப்பில் எண் பூச்சியத்தோடும், பட்டியலில் பூச்சியம் இன்றியும் இருந்து, ஒப்பிடும் முன் இரண்டையும் சீராக்காவிட்டால், மறுத்தவர் மறுக்காதவர் ஆகிவிடுவார்.

எனவே நிரலர்கள் கண்ட குறுக்குவழி, கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வது. அழகான வழிதான், இந்தியாவுக்குள் இருக்கும்வரை. சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடு 65. அங்குள்ள எண்கள் எட்டு இலக்கம். இரண்டும் சேர்ந்தால் சரியாகப் பத்து. இந்தியக் கைப்பேசி எண்கள் 6இலும் தொடங்கலாம் என்றானபின், சிங்கப்பூரிலிருந்து வரும் அழைப்பைக் கூட்டல் குறியை உதிர்த்துப் பார்க்கும் நிரலுக்கு அது உள்நாட்டு எண்ணாகவே தோன்றும். தவறிய அழைப்புக்குத் திரும்ப அழைக்கும் வசதி அந்த மகனையோ மகளையோ ஒருபோதும் எட்டாது. பெங்களூரிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. ஊர்க் குறியீடு 80. 80இல் தொடங்கும் கைப்பேசி எண்களும் உண்டு. மூன்றாம் இலக்கத்தைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். அது 2 என்றால் பிஎஸ்என்எல் தரைவழி இணைப்பு.

அந்த 2 வந்ததும் ஒரு கொள்கை முடிவால். பல நிறுவனங்கள் தரைவழிச் சேவைக்கு வந்தபோது, யாருடைய இணைப்பு என்பதை முதல் இலக்கமே காட்ட வேண்டும் என்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவாகி, பெருநகரங்களில் ஏழு இலக்கம் எட்டாயிற்று. பழைய கடைப்பலகைகளில் இடமின்றி நெருக்கி எழுதப்பட்ட 2 அதன் கல்வெட்டு. இலக்கத்துக்கு இப்படிப் பொருள் ஏற்றிவைத்தால் அந்தப் பொருள் காலாவதியாகும் நாளும் வரும் என்பதற்குக் கைப்பேசியே சான்று. எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் நிறுவனத்தையும் வட்டத்தையும் காட்டிய காலத்தில், செலவு குறைந்த வழியைத் தேரவும், வெளிவட்ட எண்ணுக்குப் பூச்சியம் சேர்க்கவும் அந்நான்கையே வெட்டிப் பார்த்தார்கள். 2011 சனவரியில் எண் மாறாமல் நிறுவனம் மாறும் உரிமை நாடு முழுவதும் வந்தது. 2015 சூலையில் வட்டம் விட்டு வட்டமும் எண்ணைக் கொண்டுபோகலாம் என்றாயிற்று. முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஊரை மட்டும் சொல்லும் பிறப்புச்சான்று போல ஆகிவிட்டன, இருப்பிடத்தைச் சொல்லா. வழிகாட்ட வேறொரு குறியீட்டை வலையமைப்பே எண்ணின் முன் ஒட்டிக்கொள்கிறது. பழைய அட்டவணையோடு ஓடிய நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் தவறான வழியைத் தேர்ந்துகொண்டிருக்கும்.

பிழையை விடவும் கொடியது ஏமாற்று. இணையவழித் தொலைபேசியில் 'எண்' என்ற இடத்தில் எழுத்தும் குறியும் வரலாம். ஆஸ்டரிஸ்க் விதிகளில் ஒரு புள்ளி 'எது வந்தாலும் சரி' என்று பொருள்படும். அழைக்கும் கட்டளையிலோ உம்மைக்குறி ஒரே நேரத்தில் இன்னோரிடத்தையும் அழை என்று பொருள்படும். எண்ணின் நடுவே உம்மைக்குறியைச் செருகி அனுப்பினால், அமைப்பின் உரிமையாளர் செலவில் வேறோர் அழைப்பும் புறப்படும். 2010 பிப்ரவரியில் ஆஸ்டரிஸ்க் குழுவினரே இதை எச்சரித்து, இலக்கங்களை மட்டும் உள்ளே விடும்படி 'ஃபில்டர்' செயற்கூறைப் பயன்படுத்தச் சொன்னார்கள். இலக்கங்களால் மட்டுமே ஆனது தொலைபேசி எண் என்ற நம்பிக்கையை நிரலில் ஒருவர் எழுதி வைத்தால்தான் அது உண்மையாகும்.

2021க்குத் திரும்பினால், அந்தப் பூச்சியம் ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். பூச்சியமின்றித் தொடங்கும் இலக்கங்களைக் கேட்கும் இணைப்பகம், இது உள்ளூர் எண்ணா, பத்து இலக்கக் கைப்பேசி எண்ணா என்று முதல் இலக்கங்களிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே உள்ளூர் எண்களின் தொடக்கங்கள் கைப்பேசிக்குக் கிடைக்கவில்லை. பூச்சியம் முன்னின்றால் அந்த மோதல் இல்லை. ஆனால் எஸ்டிடி பூட்டோ? பூச்சியத்தைக் கண்டால் துண்டிக்கும் தொலைபேசியிலிருந்து இனி உள்ளூர்க் கைப்பேசியைக்கூட அழைக்க முடியாது. துறையும் இதை அறிந்தே, தரைவழிச் சந்தாதாரர் அனைவருக்கும் பூச்சிய வசதியைத் திறந்துவிடுமாறு நிறுவனங்களுக்குச் சொன்னது. நிறுவனங்கள் திறக்கக்கூடியது தம் இணைப்பகத்துப் பூட்டைத்தான். அலுவலகத்தின் சொந்த அமைப்பிலுள்ள பூட்டு அங்குள்ள விதிவரிகளில் இருக்கிறது.

அங்கே இன்னொரு பூச்சியமும் காத்திருந்தது. பல அலுவலகங்களில் வெளியிணைப்புப் பெற முதலில் 0 அழுத்த வேண்டும். இனி அதன் பின் கைப்பேசிக்கான 0. இரண்டும் சேர்ந்த 00, இந்தியாவில் வெளிநாட்டு அழைப்பின் முன்னொட்டு. முதல் பூச்சியத்தை நீக்கியபின் தடைப்பட்டியலைப் பார்க்கும் நிரலில் அழைப்பு போகும். தடைப்பட்டியலைப் பார்த்தபின் பூச்சியத்தை நீக்கும் நிரலில், வார்டிலிருந்து நோயாளியின் வீட்டாரை அழைக்கும் செவிலியருக்கு வெளிநாட்டு அழைப்புக்கு அனுமதியில்லை என்ற பதிவுக்குரல் கேட்கும். இரண்டு நிரல்களிலும் இருப்பவை அதே இரண்டு வரிகள். ஒன்றில் மேலே உள்ளது மற்றொன்றில் கீழே இருக்கிறது.