கடலூர், சிதம்பரத்தில் அசெம்பிள்ட் கணினி

உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தும் கணினி தமிழகத்தில் அசெம்பிள்ட் கணினி எனப்படுகிறது. 1984-ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை பாகங்களின் இறக்குமதியை எளிதாக்கியது. 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் பெரும்பாலான கணினிப் பாகங்களுக்குச் சுங்கவரி நீங்கியது. சென்னை ரிச்சி தெரு இவ்வணிகத்தின் முதன்மைச் சந்தையாக விளங்குகிறது.

விளையாட்டுக்காக முதன்முதலில் கணினி பொருத்துவோர் கிராபிக்ஸ் கார்டுக்கே அதிகப் பணம் ஒதுக்குவர். கடலூர் மாவட்டத்தில் மின்சாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. நெய்வேலி அனல்மின் நிலையம் 1962 முதல் மின்சாரம் தரும் மாவட்டம் இது. ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2012-இல் சிதம்பரம் உள்ளிட்ட ஊர்களில் நெடுநேர மின்வெட்டும் நிலவியது.

மின்னழுத்தம் ஏறி இறங்கித் தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதானால், அதனுடன் மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் கெடக்கூடும். ஆகவே பிராசசர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் மின்தேவையைக் கூட்டி, அதற்கும் சற்று மேலான திறனுள்ள தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேர்வதும், யு.பி.எஸ்.ஸுக்குப் பணம் ஒதுக்குவதும் இப்பகுதியில் முதலில் போடவேண்டிய கணக்காகும்.