நானாட்டானிலிருந்து பல்கலைக்கழகம்: மாவட்டக் கோட்டாவின் வரலாறு

இலங்கையில் பல்கலைக்கழகம் புக விரும்பும் மாணவருக்கு இரண்டு கணக்குகள் பார்க்கப்படுகின்றன. ஒன்று, க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் அவர் எடுத்த புள்ளி. மற்றது, எந்த மாவட்டத்துப் பாடசாலையிலிருந்து அதை எடுத்தார் என்பது. இரண்டாவது கணக்கு 1974இல் நடைமுறைக்கு வந்தது. தமிழர் அரசியல் நினைவில் அது யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்த அநீதியாகவே பதிந்திருக்கிறது. மன்னார் மாவட்டத்துக்கோ அதுவரை எட்டாமலிருந்த பீடங்களின் கதவு அதனால்தான் கொஞ்சமாவது திறந்தது. இரண்டு கூற்றும் மெய்; ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் வழக்கமாகிவிட்டது.

நானாட்டான் மன்னார்த் தீவில் இல்லை, பெருநிலத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் அதுவும் ஒன்று. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள், தெற்கே அருவியாறு, கடற்கரையோரம் வங்காலை, மதவாச்சி–மன்னார் வீதியில் முருங்கன். உள்ளே நெல், கரையில் மீன். பெரும்போகம் பிழைத்துப்போனால் அந்த வருடம் வீட்டில் எல்லாச் செலவும் தள்ளிப்போகும், பிள்ளையின் ரியூசன் காசு உட்பட.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியபோது அதில் படித்தவர்கள் 904 பேர். அனுமதிப் பரீட்சையைப் பல்கலைக்கழகமே நடத்தியது, மொழி ஆங்கிலம். நல்ல ஆங்கிலப் பாடசாலைகள் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன், மெதடிஸ்த மிஷன், கத்தோலிக்கத் திருச்சபை, சைவப் பாடசாலைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கட்டியெழுப்பிய கல்லூரிகளில் விஞ்ஞான ஆய்வுகூடங்கள் இருந்தன. மன்னார்க் கரையிலும் கத்தோலிக்க மிஷன் ஊருக்கு ஊர் பள்ளி வைத்ததுண்டு. ஆனால் அவை பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் செபமும் கற்பித்த தமிழ்ப் பாடசாலைகள். அங்கிருந்து மருத்துவ பீடத்துக்குப் போகும் பாதை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

1945இல் கல்வியமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. பரீட்சை மொழி தாய்மொழியானது. 1964இல் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையும் பரீட்சைத் திணைக்களத்தின் பொறுப்பாகி உயர்தரப் பரீட்சையோடு சேர்ந்தது. இவ்வளவும் நடந்த பிறகு கலைப்பீடத்துக்குக் கிராமத்துப் பிள்ளைகள் பெருவாரியாக வரத் தொடங்கினார்கள். விஞ்ஞானம் மட்டும் அப்படியே நின்றது. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத ஊரில் இலவசக் கல்வி என்பது கலைப்பிரிவோடு முடிந்துவிடும்.

1970இல் ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்ததும் சிக்கல் வேறு முகம் எடுத்தது. தமிழ்மொழி விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் தாராளமாகப் புள்ளி போட்டார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. அது நிறுவப்படவே இல்லை. ஆனால் அந்த ஆண்டு அனுமதியில் தமிழ்மொழியில் எழுதியவருக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதியவருக்குக் குறைந்த வெட்டுப்புள்ளி என்று வைக்கப்பட்டது. மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 229. தமிழ் மாணவர் பேரவை இந்தக் கொதிப்பில் பிறந்தது. 1973இல் இதற்கு ஒரு முறைசார்ந்த வடிவம் கொடுக்கப்பட்டது: ஒவ்வொரு மொழியிலும் தோற்றியவர் தொகைக்கு ஏற்பத் தேறுவோர் தொகையும் அமையுமாறு புள்ளிகள் மாற்றியமைக்கப்பட்டன. இதற்குத்தான் தரப்படுத்தல் என்று பெயர். 1974இல் அதன்மேல் மாவட்ட ஒதுக்கீடு ஏற்றப்பட்டது. சனத்தொகைப் பங்குக்கு ஏற்ப மாவட்டங்களுக்கு இடம்.

பேச்சு வழக்கில் இந்த இரண்டையும் சேர்த்துத் தரப்படுத்தல் என்றே சொல்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மொழிவாரிப் புள்ளி மாற்றம் நானாட்டான் மாணவரையும் தாக்கியது. அவரும் தமிழில்தானே எழுதினார். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்துத் தோற்றியவருடைய புள்ளியும், யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி மாணவருடைய புள்ளியும் ஒரே கத்தியால் வெட்டப்பட்டன. மாவட்ட ஒதுக்கீடு அப்படியல்ல. அது யாழ்ப்பாணத்திடமிருந்தும் கொழும்பிடமிருந்தும் இடங்களை எடுத்து மற்ற மாவட்டங்களுக்குப் பகிர்ந்தது. விஞ்ஞானம்சார் பீடங்களில் தமிழ் மாணவரின் பங்கு 1970இல் நூற்றுக்கு 35 வீதம் அளவில் இருந்து 1975இல் 19 வீதமாக இறங்கியது. இந்த வீழ்ச்சியின் பாரத்தை யாழ்ப்பாணமே பெரும்பாலும் சுமந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியவற்றுக்கு அதே ஏற்பாடு உதவியது. தமிழரசியல் மேடைகளில் இந்தப் பின்பாதி அதிகம் பேசப்பட்டதில்லை. ஒற்றுமை குலையும் என்ற அச்சம் ஒரு காரணம். மேடையில் பேசியவர்களில் பெரும்பாலோர் எந்த ஊர்க்காரர் என்பது இன்னொரு காரணம்.

எதிர்ப்பு வலுத்ததால் 1976 அனுமதியில் மாவட்டப் பங்கு 30 வீதமாகக் குறைக்கப்பட்டு, அதில் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைந்தது. அடுத்த ஆண்டு புதிய பங்கீடு வந்தது: 30 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பின்னாளில் திறமைப் பங்கு 40ஆக உயர்ந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பங்கு 5ஆகச் சுருங்கியது. அந்தப் பட்டியலோ 16 மாவட்டங்களாக நீண்டது. மன்னார் தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கிறது. போர் சிதைத்த யாழ்ப்பாணமும் பின்னர் அதே பட்டியலில் இடம்பெற்றது. கோட்டாவால் அதிகம் இழந்த மாவட்டம் கோட்டாவின் பயனாளியாகும் என்று 1974இல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் மன்னாருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 400 இடங்கள் திறமைக்குப் போகும். மாவட்டங்களுக்கு 550. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்து 59 ஆயிரம். மன்னாரில் 99,570 பேர். அரை வீதத்துக்கும் சற்றுக் குறைவு. 550இல் மன்னாரின் பங்கு 2.7. மிஞ்சிய 50 இடங்களை 16 மாவட்டங்கள் பகிர வேண்டும். அவற்றின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 83 இலட்சம் என்பதால் மன்னாருக்கு அதில் 0.6. எல்லாம் கூட்டினாலும் ஆயிரத்துக்கு மூன்று இடமும் கொஞ்சமும். அந்த மூன்றுக்கும் மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரிவுகளின் பிள்ளைகளும் போட்டியிட வேண்டும்.

போட்டி சமமானதும் அல்ல. இலங்கைப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி என்ற வகையில் வரும்; கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. மாவட்டத்தின் பழம்பெரும் பாடசாலைகள் மன்னார் நகரத்தில் இருக்கின்றன. புனித சவேரியார் கல்லூரியும் சித்திவிநாயகரும் அங்கேதான். வயல்கிராமத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால் நாள்தோறும் பஸ் ஏற வேண்டும், அல்லது தங்கிப் படிக்க வேண்டும். கோட்டா மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள ஏற்றத்தாழ்வைப் பார்க்கும். மாவட்டத்துக்குள் நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ளதைப் பார்க்காது. மன்னார் நகரத்து உத்தியோகத்தர் மகனும் நானாட்டான் கூலி விவசாயி மகளும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். வீட்டு வருமானத்தைப் பார்க்கும் உதவி வேறு வழியில் வருகிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் அனுமதி கிடைத்தவருக்கு மாதப்படி கொடுக்கிறது. அனுமதி கிடைக்காதவருக்கு அதனால் பயனில்லை.

வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டம் என்றால் வெளியூர்க்காரரின் கண்ணும் அதில் விழும். வசதியான மாவட்டங்களில் பத்தாம், பதினோராம் ஆண்டு வரை படித்துவிட்டு உயர்தரத்துக்கு மட்டும் பின்தங்கிய மாவட்டத்துப் பாடசாலையில் பதிந்து பரீட்சை எழுதுவோர் பெருகினர். பதிவு அங்கே, ரியூசன் இங்கே. இதைத் தடுக்கவே பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகால பாடசாலைப் பதிவையும் நிரந்தர வதிவிடத்தையும் பார்க்கும் விதி இறுக்கப்பட்டது. விதி வேண்டியதுதான். ஆனால் அதற்கு எதிர்ப்பக்க விளைவும் உண்டு. நல்ல விஞ்ஞான ஆசிரியரைத் தேடி யாழ்ப்பாணம் போய்த் தங்கிப் படிக்கும் நானாட்டான் பிள்ளை யாழ்ப்பாணக் கணக்கில் போய்விடக்கூடும். நல்ல பாடசாலையா, குறைந்த வெட்டுப்புள்ளியா என்று பதினைந்து வயதில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

போர் இந்தக் கணக்கு முழுவதையும் குலைத்தது. 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டதும் தலைமன்னார் ரயில் நின்றது. பலர் படகேறித் தமிழகம் போனார்கள். மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் ஸ்தானிகராலயத்தின் நிவாரண நிலையங்கள் நிரம்பின. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார் முஸ்லிம் பிள்ளைகளில் பலர் புத்தளத்து முகாம்களில் படிப்பைத் தொடர்ந்தார்கள். 1981இல் ஒரு இலட்சத்து 6 ஆயிரத்துக்கு மேல் இருந்த மாவட்டச் சனத்தொகை முப்பது ஆண்டு கழித்து ஒரு இலட்சத்தையும் எட்டவில்லை. 2001 குடிசன மதிப்பீடு மன்னாரில் முழுமையாக நடக்கவே இல்லை. தலைகளை எண்ணாத இடத்தில் சனத்தொகைப் பங்கு என்பது வெறும் மதிப்பீட்டில்தான் நிற்கும். ரயில் தலைமன்னாருக்குத் திரும்பியது 2015இல்.

இடையில் புள்ளிக் கணக்கும் மாறியது. பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டதை அடுத்து 2001இல் இசட் புள்ளி வந்தது. மாணவர் ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பது அதன் முறை. கடினமான பாடம் எடுத்தவர் நட்டப்படாமல் இருக்க இது உதவுகிறது. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களை ஒன்றாகக் கணக்கிட்டபோது பெரும் குழப்பமாகி உயர் நீதிமன்றம் வரை போனது.

ஆயினும் மாவட்ட ஒதுக்கீடு கைவிடப்படவில்லை. படித்த இடத்தை வைத்து வாய்ப்பைப் பகிரும் எண்ணம் இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து வீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி செய்தது. தமிழ்நாடு 2020இல் மருத்துவ இடங்களில் 7.5 வீதத்தை அரசுப் பள்ளி மாணவருக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டு முறை பாடசாலையின் வகையைப் பார்க்கிறது; டெக்சாஸ் முறை ஒவ்வொரு பாடசாலையையும் தனி அலகாகக் கொள்கிறது. டெக்சாஸ் போன்ற முறை மன்னாரில் இருந்திருந்தால் நானாட்டானுக்கும் முருங்கனுக்கும் தனிப் பங்கு கிடைத்திருக்கும். மாவட்டம் என்பது அதற்குப் பெரிய அலகு.

நடைமுறையில், பல்கலைக்கழக விண்ணப்பம் உயர்தரப் பெறுபேறு வந்தபின் தொடங்கும். முன்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புத்தகக் கடையில் வாங்கி, படிவத்தை நிரப்பி, பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது இணையத்தில் நிரப்புகிறார்கள். கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு சோடிக்கும் யூனிகோட் எனப்படும் ஒரு குறியீடு உண்டு. விருப்பத்தின் வரிசைப்படி அவற்றை எழுத வேண்டும். அந்த வரிசையில்தான் பலர் தடுமாறுவார்கள். கிடைக்கக்கூடியதை மேலே போட்டுவிட்டால் அதற்குக் கீழே எழுதியது எதுவும் பார்க்கப்படாது. மாவட்டத்தை நிறுவ அதிபரின் அத்தாட்சியும் வாக்காளர் இடாப்பும் கிராம அலுவலரின் பத்திரமும் தேவைப்படும். போரில் பதிவேடுகளை இழந்த குடும்பங்களுக்கு இந்தத் தாள்களைச் சேர்ப்பதே பெரும் அலைச்சல். வெட்டுப்புள்ளிகள் மாவட்டவாரியாக வெளியானபின் தெரிவானவர்கள் பதிவார்கள். பதியாதவர்களின் வெற்றிடங்கள் அதே வரிசையில் அடுத்தவருக்குப் போகும். மூன்று இடமே உள்ள மாவட்டத்தில் ஒருவர் பதியாமல் விட்டாலும் இன்னொரு வீட்டுக்குக் கடிதம் வரும்.