கட்டடத் தகவல் மாதிரி பிறந்த கதை

பெரிய கட்டடம் ஒன்று எழும்புவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பி கட்டுவோர் ஒரு புறம், பலகை அடைப்போர் ஒரு புறம், மின்கம்பி இழுப்போரும் குழாய் பதிப்போரும் மற்றொரு புறம் என்று பல நூறு பேர் வேலை செய்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியார். கணக்குப் போட்ட பொறியாளரை அவர்கள் கண்டதுகூட இராது. இவர்கள் அனைவரையும் இணைப்பது வரைபடம். கட்டடத்தைப் பற்றிய அறிவு ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் கைக்குச் செல்லும் பாதை அதுவே. அந்தப் பாதையில் ஒரு செய்தி தவறிப்போனால் என்ன ஆகும்? நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

ஒரு தண்டு இரண்டானது

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹயாட் ரீஜென்சி என்னும் ஓட்டல் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் நடுக்கூடத்தின் குறுக்கே, இரண்டாம் தளத்தின் மட்டத்தில் ஒன்றும் நான்காம் தளத்தின் மட்டத்தில் ஒன்றுமாக, நேர் மேலும் கீழுமாய் இரு நடைபாலங்கள் தொங்கின. 1981 ஜூலை 17 அன்று மாலை, கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது அவ்விரு பாலங்களும் அறுந்து வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேல் காயமுற்றனர்.

காரணத்தைப் புரிந்துகொள்ள நம் வீட்டு உறியை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரத்திலிருந்து ஒரே நீளக் கயிறு தொங்குகிறது. நடுவில் ஒரு முடிச்சு. அதன்மேல் ஒரு பானை. கயிற்றின் அடியில் இன்னொரு முடிச்சு; அதன்மேல் இரண்டாவது பானை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு பானையை மட்டுமே தாங்குகிறது. இப்போது கயிற்றை நடுவில் வெட்டி, கீழ்ப் பானையை வேறொரு கயிற்றால் மேல் பானையின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். பார்வைக்குப் பெரிய வேறுபாடு இல்லை. கூரையில் விழும் சுமையும் மாறவில்லை. ஆனால் மேல் முடிச்சு இப்போது இரண்டு பானைகளைத் தாங்கவேண்டும். அதன் சுமை இரு மடங்காகிவிட்டது.

அந்த ஓட்டலில் நடந்ததும் இதுவே. முதல் வடிவமைப்பின்படி கூரையிலிருந்து ஒரே எஃகுத் தண்டு மேல் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பாலம் வரை செல்லவேண்டும். அவ்வாறாயின் மேல் பாலத்தைத் தாங்கும் நட்டை அதன் இடத்துக்குக் கொண்டுசெல்ல, தண்டின் நீளத்தில் பெரும் பகுதிக்கு மரை வெட்டவேண்டும். அது தொல்லையான வேலை. ஆகவே எஃகு வேலை செய்தவர்களின் படத்தில் ஒரு தண்டு இரண்டு தண்டுகளாக மாறிற்று. மேல் பாலத்தின் உத்திரத்தில் இருந்த நட்டின்மேல் இரண்டு பாலங்களின் சுமையும் வந்து விழுந்தது. மாற்றத்துக்குப்பின் கணக்கை எவரும் மறுபடி போடவில்லை. முதல் வடிவமைப்பே நகர விதி கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்றும், மாற்றம் அதைப் பாதியாக்கிவிட்டது என்றும் பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று.

கோடு பேசாது

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. படத்தில் ஒரு கோடு இரண்டு கோடாக மாறியபோது, ‘சுமை இரு மடங்காகிறது’ என்று அந்தப் படம் ஏன் எச்சரிக்கவில்லை? எச்சரிக்க முடியாது, ஏனெனில் காகிதத்தில் இருப்பது எஃகுத் தண்டு அன்று, வெறும் கோடு. அதற்கு எடை இல்லை, வலிமை இல்லை, தன்னை எது தாங்குகிறது என்ற அறிவும் இல்லை. பார்ப்பவர் மனத்தில்தான் அது தண்டாகிறது.

முப்பரிமாணப் பொருளைத் தட்டையான காகிதத்தில் துல்லியமாக வரையும் முறையைக் கணித நெறியாக வகுத்தவர் பிரான்சு நாட்டின் காஸ்பர் மான்ழ். கோட்டை கட்டுவதற்குப் பயன்பட்டதால் இம்முறை முதலில் இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 1799-இல்தான் நூலாக வெளிவந்தது. அதன்பின் உலகமெங்கும் பொறியாளர்களின் மொழி இதுவே ஆயிற்று.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஒரு சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும் படத்தில் அது ஒரு முறை வரும். முகப்புப் படத்தில் ஒரு முறை; குறுக்கே வெட்டிப் பார்க்கும் படத்தில் ஒரு முறை; சாமான் பட்டியலில் ஒரு முறை. சன்னலை ஓர் அடி நகர்த்தினால் எல்லா இடங்களிலும் திருத்தவேண்டும். ஒன்றில் மறந்தால், இரண்டு படங்கள் இரண்டு வேறு கட்டடங்களைச் சொல்லும். எது மெய் என்று கொத்தனார் எங்ஙனம் அறிவார்?

திரையில் தோன்றிய தாய் வடிவம்

இக்குறை நீங்க வழிகாட்டிய முதல் முயற்சி கட்டடத் துறையிலிருந்து வரவில்லை. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்ற ஆராய்ச்சி மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கினார். டி.எக்ஸ்.-2 என்ற கணிப்பொறியின் திரைமீது ஒளிப்பேனாவால் படம் வரையலாம். ‘இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கவேண்டும்’ என்று சொன்னால் கணிப்பொறி அந்த நிபந்தனையை நினைவில் வைத்துக் காப்பாற்றும். இன்னொரு புதுமையும் அதில் இருந்தது. ஒரு தாய் வடிவத்தை வரைந்து அதற்குப் பல பிரதிகள் எடுக்கலாம். தாய் வடிவத்தில் ஒரு மாற்றம் செய்தால் எல்லாப் பிரதிகளும் தாமாகவே மாறும். ஒரு முறை சொன்னால் போதும் என்ற கருத்துக்கு இதுவே வித்து.

படங்களுக்குப் பதிலாகக் கணிப்பொறி

அந்த வித்தைக் கட்டடத்தில் ஊன்றியவர் சார்லஸ் ஈஸ்ட்மன். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அவர் 1970-களின் நடுவில் ‘கட்டட விவரணை முறை’ என்ற ஒரு திட்டத்தை வகுத்தார். 1975-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பே, கட்டட வடிவமைப்பில் படங்களுக்குப் பதிலாகக் கணிப்பொறியைப் பயன்படுத்துவது பற்றியது.

‘படம் வரையக் கணிப்பொறி’ என்று அவர் சொல்லவில்லை. ‘படத்துக்குப் பதிலாக’ என்றார். இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். அவர் கணிப்பொறியில் கோடுகளைச் சேமிக்கவில்லை. சுவர், தூண், கதவு ஆகிய உறுப்புகளைச் சேமித்தார். ஒவ்வொன்றுக்கும் வடிவம், இடம், பொருள், ஏனைய பண்புகள் எல்லாம் உடன் இருக்கும். படம் வேண்டுமானால் இந்த மாதிரியிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். சன்னலை நகர்த்தினால் எல்லாப் படங்களிலும் அது நகர்ந்திருக்கும். எத்தனை சன்னல், எவ்வளவு செங்கல் என்று கேட்டாலும் அதே மாதிரி எண்ணிச் சொல்லும்.

பிறகு ஏன் இது உடனே பரவவில்லை? அன்றைய கணிப்பொறிகள் அலமாரி அலமாரியாக இடத்தை அடைத்தன. அவற்றின் விலை ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்துக்கு எட்டாதது. 1982-இல் சிறு கணிப்பொறிகளுக்கென ஆட்டோகேட் வந்தபோது அலுவலகங்கள் அதை ஆவலுடன் ஏற்றன. ஆனால் பென்சில் இருந்த இடத்தில் திரை வந்ததே தவிர, கோடு கோடாகவே இருந்தது.

அதே 1982-இல், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் காபோர் போயார் என்பவர் கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் இயற்பியல் படித்தவர் என்பது நம் துறை மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாக்ஷ் அணுமின் நிலையத்தின் சிக்கலான குழாய்களைக் கணிப்பொறியில் முப்பரிமாணமாக அமைப்பது அவர்களுடைய தொடக்கப் பணிகளுள் ஒன்று. சிறு கணிப்பொறியிலேயே முழுக் கட்டடத்தையும் மாதிரியாக அமைக்கும் ‘ஆர்க்கிகேட்’ நிரல் அங்கிருந்து வந்தது. 2000-இல் அமெரிக்காவில் ‘ரெவிட்’ வெளிவந்தது. இதற்கிடையே, 1992-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இருவர் எழுதிய கட்டுரையில், இன்று நாம் வழங்கும் ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடல்’ என்ற பெயர் தோன்றிற்று. தமிழில் கட்டடத் தகவல் மாதிரி எனலாம். சுருக்கமாக ‘பிம்’ என்பர்.

மாதிரி செய்யும் வேலைகள்

வடிவமைக்கும்போது, ஒருவர் வைத்த தூணின் ஊடே இன்னொருவருடைய காற்றுக்குழாய் செல்லுமானால் கணிப்பொறி அதைக் கண்டு காட்டிவிடும். சுவர் எழும்பிய பின் இடிப்பதைவிடத் திரையில் திருத்துவது எவ்வளவோ மலிவு. கட்டும்போது, ஒவ்வோர் உறுப்புக்கும் அது எந்த நாளில் எழும்பவேண்டும் என்ற காலத்தையும் இணைத்துக்கொண்டால், கட்டடம் வளர்வதை முன்கூட்டியே திரையில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் கட்டடக் கலைஞர் ஒரு நிரலில் எழுதியதை, மின் பொறியாளரின் நிரல் படிக்கவேண்டுமே? இதற்காக 1990-களின் நடுவில் பல நிறுவனங்கள் கூடி ஒரு பொதுமொழியை வகுக்கத் தொடங்கின. ஐ.எஃப்.சி. எனப்படும் அம்மொழி 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற உலகத் தரமாக ஏற்கப்பட்டது. பொதுமொழி இல்லாமையின் விலை சிறிதன்று. அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, தகவல் சரிவரக் கைமாறாததால் அந்நாட்டின் பெருங்கட்டடத் துறைக்கு ஆண்டொன்றுக்கு 1,580 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர் யார்? வரைந்தவரோ கட்டியவரோ அல்லர். கட்டி முடித்ததைப் பெற்று நடத்தியவர்கள்.

இது வியப்பன்று. ஒரு கட்டடம் சில ஆண்டுகளில் எழும்புகிறது. பல பத்தாண்டுகள் வாழ்கிறது. எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, எந்த வால்வை அடைத்தால் எந்தத் தளத்துக்குத் தண்ணீர் நிற்கும், எந்த இயந்திரத்தை எப்போது மாற்றவேண்டும் என்ற கேள்விகள் நாள்தோறும் எழும். விடைகளோ ஏதோ ஓர் அறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகிதத்தில்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பெரா மாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1957-இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் போட்டியில் வென்ற அந்த வடிவம் 1973-இல்தான் கட்டடமாகத் திறக்கப்பட்டது. படகுப் பாய்கள் போன்ற அதன் கூரைகள் அனைத்தும், சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்தாற்போன்ற துண்டுகள். அதைக் கட்டிய பொறியாளர்கள் அந்நாளிலேயே கணக்கீட்டுக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்தினர். ஆனால் விளைந்த அறிவு காகிதத்தில்தான் தங்கியது. எனவே, திறந்து முப்பது ஆண்டுகளுக்குப்பின், அந்த மாளிகையைப் பராமரிக்கத் தகவல் மாதிரி எவ்வாறு உதவும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007-இல் அறிக்கை தந்தனர். பிறக்கும்போதே கிடைத்திருக்கவேண்டிய சாதகத்தை நடுவயதில் கணிக்கும் வேலை அது.

பொற்சரடு

பராமரிப்புத் தகவல் பணத்தை மட்டும் சார்ந்ததன்று. 2017 ஜூன் 14 அன்று இலண்டனில் கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பில் நான்காம் தளத்து வீடொன்றில் பற்றிய தீ, கட்டடத்தின் வெளிப்புறமாகவே மேலேறிப் பரவிற்று. 72 பேர் உயிரிழந்தனர். 1970-களில் கட்டிய அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்புதான் வெளியே புதிய போர்வை பொருத்தி முடித்திருந்தனர். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎதிலீன் வைத்த அப்போர்வை எளிதில் எரியக்கூடியது.

அதன்பின் கட்டட விதிகளை ஆராய்ந்த வேதிப் பொறியாளர் ஜூடித் ஹாக்கிட், 2018-இல் தந்த அறிக்கையில், வடிவமைப்பு முதல் குடியிருப்பு வரை அறுபடாது செல்லும் தகவலாகிய ஒரு ‘பொற்சரடு’ வேண்டும் என்றார். எந்தப் பொருளை எங்கே பொருத்தினார்கள், யார் எதை ஏன் மாற்றினார்கள் என்பதெல்லாம் கணிப்பொறிப் பதிவாகக் கட்டடத்தோடு வாழவேண்டும் என்பது இதன் கருத்து. 2022-இல் பிரிட்டனில் இயற்றிய கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ உள்ள குடியிருப்புகளுக்கு இத்தகைய பதிவு கடமையாயிற்று.

வாசகர்களே, கான்சாஸ் நகரில் பிம் இருந்திருந்தால் அந்த 114 பேரும் பிழைத்திருப்பர் என்று சொல்லிவிட முடியாது. தண்டு இரண்டானதை மாதிரி காட்டும். சுமை இரு மடங்கானதைக் கேட்டால் கணக்கிட்டும் சொல்லும். ஆனால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். பொய்யான விவரத்தை ஊட்டினால் பொய்யையே அது பத்திரமாகக் காக்கும். பொறியியல் பயிலப்போகும் மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு கட்டடத்தில் யார் எதை மாற்றினாலும் மூன்று கடமைகள் உண்டு: மாற்றத்தை எழுதிவைப்பது, கணக்கை மறுபடி போடுவது, அடுத்தவருக்குத் தெரிவிப்பது. முதலாவதையும் மூன்றாவதையும் கணிப்பொறி எளிதாக்கிவிட்டது. இரண்டாவதைச் செய்யவேண்டும் என்ற பொறுப்பு இன்னும் மனிதனுடையதுதான்.