யார் கணக்கில் எழுதுவது?

ஷாங்காயில் சரக்கேற்றிக்கொண்டு ராட்டர்டாம் போகும் ஒரு கப்பலை நினைத்துக்கொள்வோம். முதலாளி கிரேக்கர். கொடி லைபீரியாவுடையது. எண்ணெய் போட்டுக்கொண்டது சிங்கப்பூரில். சரக்குக்குச் சொந்தக்காரர் ஜெர்மனியில் இருக்கிறார். நடுக்கடலில் அது கக்கும் புகை எந்த நாட்டுப் புகை?

கேட்க விளையாட்டாக இருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக உலக நாடுகளால் இதற்கு ஒருமித்த பதில் சொல்ல முடியவில்லை.

1992-இல் ரியோவில் கையெழுத்துக்கு வந்த காலநிலை உடன்படிக்கை, நாடுகளை அலகாகக் கொண்டது. அவரவர் எல்லைக்குள் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறதோ, அதை அவரவர் எழுதித் தர வேண்டும். வெளிநாடு போகும் கப்பலுக்கும் விமானத்துக்கும் விற்ற எரிபொருளை என்ன செய்வது? பக்கத்தின் அடியில் தனி வரியாகக் குறித்துவைக்கலாம். கூட்டலில் சேர்க்க வேண்டாம் என்று விதி வந்தது. கல்யாண வீட்டில் யார் பெயரிலும் எழுதாமல் விட்ட செலவு மாதிரி. பணம் போனது நிஜம், யார் கொடுத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

1996-இல் உடன்படிக்கையின் செயலகம் எட்டு வழிகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருந்தது. எரிபொருள் விற்ற நாட்டின் கணக்கில் எழுதலாமா? சிங்கப்பூர் இன்று ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கப்பல் எண்ணெய் விற்கிறது. ஒரு டன் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். அந்தக் குட்டித் தீவின் சொந்த உமிழ்வைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அதன் தலையில் விழும். கப்பல் நிறுவனத்தின் நாடு என்றால், அலுவலகத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சரக்கின் சொந்தக்காரர் என்றால், ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கான பெட்டிகள், யார் தேடிப் பிடிப்பது? அவரவர் கடல் எல்லைக்குள் விடும் புகை மட்டும் என்றால், நடுக்கடல் அப்படியே விட்டுப்போகும். பட்டியலின் முதல் வழி, யாருக்கும் பங்கிட வேண்டாம் என்பது. நடைமுறையில் அதுதான் ஜெயித்தது.

1997 கியோட்டோ ஒப்பந்தம் பொறுப்பைக் கைமாற்றிவிட்டது. வளர்ந்த நாடுகள் கப்பல் புகையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழியாகவும், விமானப் புகையைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழியாகவும் குறைக்கப் பார்க்க வேண்டும் என்றது. அங்கே போனால் வேறு சண்டை. எந்தக் கொடியாக இருந்தாலும் எல்லாக் கப்பலுக்கும் ஒரே சட்டம் என்பது கடல்சார் அமைப்பின் மரபு. பணக்கார நாடுகளுக்கே கூடுதல் பொறுப்பு என்பது காலநிலை உடன்படிக்கையின் அடிப்படை. இந்தியாவும் சீனாவும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் சிக்கல்.

விமானத்துக்கு இன்னொரு பழைய கவசமும் உண்டு. 1944 சிகாகோ உடன்படிக்கையின்படி, வந்திறங்கும் விமானத்தின் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்குச் சுங்கவரி கிடையாது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் மண்ணில் இறங்குகிற, ஏறுகிற எல்லா விமானங்களின் புகைக்கும் விலை வைக்கப் பார்த்தது. இந்தியா, சீனா, அமெரிக்கா, ரஷ்யா எல்லாரும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த வருஷம் நவம்பரிலேயே வெளிநாட்டுப் பயணங்களுக்கு அதை நிறுத்திவைத்தார்கள்.

எண்ணுவதே எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு, கடல்சார் அமைப்பின் 2020 ஆய்வு ஒன்றே போதும். 2018-இல் சர்வதேசக் கப்பல்கள் விட்ட கரியமில வாயு, கப்பலின் வகையையும் அளவையும் வைத்துப் பிரித்தால் 91.9 கோடி டன். இரண்டு நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையிலான பயணங்களை மட்டும் எண்ணினால் 74 கோடி. அதே கப்பல்கள், அதே வருஷம். சுமார் 18 கோடி டன், எண்ணும் முறை மாறியதால் மட்டும் பெயர் மாறிவிடுகிறது.

கொடியை வைத்துப் பங்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுமார் 42 ஆயிரம் பேர் வாழும் மார்ஷல் தீவுகள், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் உலகின் பெரும் குற்றவாளியாகியிருக்கும். உலகின் மிகப் பெரிய கொடிப் பதிவேடுகளில் ஒன்று அதனுடையது; அதை நடத்துவதோ அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனம். தீவுகளோ கடல்மட்டத்துக்குச் சராசரி இரண்டு மீட்டர் மேலேதான்.

அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் டோனி டி ப்ரும், 2015 மே மாதம் லண்டனில் கடல்சார் அமைப்பின் கூட்டத்துக்கு வந்து, கப்பல் புகைக்கு ஒரு வரம்பு வையுங்கள் என்று கேட்டார். கப்பல் கொடியால் வருமானம் பார்க்கும் நாடே அப்படிக் கேட்டது. அப்போது ஒதுக்கிவைத்தார்கள். அந்த டிசம்பரில் வந்த பாரிஸ் ஒப்பந்தத்திலும் கப்பல், விமானம் என்ற சொற்கள் இல்லை. 2017-இல் அவர் இறந்துபோனார். 2018-இல் முதல் இலக்கு வந்தது: 2050-க்குள் 2008-இல் இருந்ததில் பாதி. 2023-இல் அது 2050 வாக்கில் நிகர பூஜ்ஜியம் என்று இறுகியது. கப்பல் புகைக்கு விலை வைக்கும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஒப்புதலும் கிடைத்தது. அக்டோபரில் இறுதி முடிவெடுக்கக் கூடியபோது, 57-க்கு 49 என்ற வாக்கில் ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள்.

யார் பெயரில் எழுதுவது என்று பேசிக்கொண்டே இருக்கலாம். கடல் அந்த நோட்டைப் பார்த்து ஏறுவதில்லை.